புளிக்கும் பத்து சென்ட்

அத்தியாயம் 6

"நாளைக்குக் காலையில முனிசிபல் வண்டி வந்துடும், தோனா புரோவி. அதுக்கு மேல என்னால வெச்சிருக்க முடியாது."

ஃபியூனரல் ஹோம் முதலாளி இதைத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த புரோவியை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

எண்பதை நெருங்கும் புரோவியின் மடியில் இஸ்திரி போட்ட வெள்ளை குவாயபேரா சட்டை ஒன்று இருந்தது. கணவர் எலுத்தேரியோவுக்குக் கடைசியாகப் போட்டு அனுப்பக் கொண்டுவந்தது. ஊருக்கெல்லாம் தேயோ என்ற செல்லப் பெயரில் தெரிந்த அந்த மனிதர், இப்போது பக்கத்து அறையில், குளிர்ப்பெட்டிக்குள் இருந்தார்.

"வண்டி எங்க கொண்டு போகும்?"

"முனிசிபல் கல்லறைக்கு. இலவசப் பகுதி. கொஞ்ச வருஷம் இடம் கொடுப்பாங்க. அப்புறம் எலும்பை எடுத்துப் பொதுக்குழியில சேர்த்துடுவாங்க."

"சரி. அப்போ நான் செத்தா என்னை எங்க வெப்பீங்க?"

முதலாளி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். 

ஜன்னலோரம் நின்றிருந்த நெரெய்தா திரும்பினாள். கத்தானியோ என்ற அந்தத் தீவு ஊரில் பெண் துப்பறிவாளர் என்றால் அவள் ஒருத்திதான். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துச் சலித்து, ஐம்பது வயதில் தனியாகப் போர்டு மாட்டியவள். பெரும்பாலும் ஓடிப்போன கணவர்களைத் தேடுவாள். இறந்துபோன கணவருக்கு இடம் தேடுவது இதுவே முதல் முறை.

"தோனா புரோவி, கல்லறை ஆபீஸ்ல அந்தப் பொண்ணு போன்ல என்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரர் எக்ஸ்-சர்வீஸ்மேனான்னு கேட்டா. ஆமா, கொரியா சண்டைக்குப் போனவர்னு சொன்னேன். கம்ப்யூட்டர்ல பேரு வரல. செயின்ட் லூயிஸ்ல ஒரு காலத்துல பெரிய தீ விபத்தாம், அந்தக் காலத்து ராணுவ ஃபைல் எக்கச்சக்கமா எரிஞ்சு போச்சாம். இவரோடதும் அதுல போயிருக்கும்னா. டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தா காட்டுங்க, இல்லாட்டி கூட இருந்த யாராவது எந்தப் படைப் பிரிவு, எந்தக் கம்பெனின்னு சொன்னா வேற வழியில தேடிப் பாக்குறேன்னா. நல்ல பொண்ணு. சாயந்திரம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள கூப்பிடுங்க, நாளைக்குக் காலையில ஒரு இடம் ஒதுக்கி வெக்கிறேன்னா."

"பேப்பர்?"

"புயல்ல வீட்டுக் கூரையோட போச்சுன்னு அவர் சொல்வார்."

நெரெய்தாவுக்கு நிலைமை புரிந்தது. பயமோன் தேசியக் கல்லறையில் ராணுவத்தில் இருந்தவருக்கு இடம், கல், புல் எல்லாம் அரசு செலவு. மனைவிக்கும் அதே குழியில் இடம் உண்டு. பிள்ளை குட்டி இல்லாத, பென்ஷன் அரிசிக்கும் அவரைக்கும் சரியாகப் போகிற இந்த அம்மாவுக்கு, கணவர் பக்கத்தில் படுக்க இருக்கும் ஒரே வழி அதுதான்.

"கூட இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

"சண்டையைப் பத்தி வாயே திறக்க மாட்டார், மகளே. பயமோன்ல ஒரு கல்லுக்கு மட்டும் போவார். அர்காதியோன்னு ஒருத்தர். கொரியாவுல செத்தவர். நானும் கூடப் போவேன், எனக்கும் அங்க ஒரு சிநேகிதி இருக்கா."

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. "செத்தவரு வந்து சாட்சி சொல்ல மாட்டாரே, அண்ணி."

விசோ. நெரெய்தாவின் உதவியாளன், நாற்பது வயது, சொந்தமாக ஒரு தொப்பையும் இரவல் வாங்கிய ஒரு காரும் உண்டு. நெரெய்தாவின் முன்னாள் கணவனின் தம்பி. விவாகரத்து ஆகிப் பல வருடமாகியும் அண்ணி என்றே கூப்பிடுவான். கேட்டால், "ரத்து பண்ணினது அண்ணனைத்தானே, என்னையா?" என்பான்.

"செத்தவர் பேச மாட்டார், விசோ. ஆனா அவரைப் பார்க்க வர்றவங்க பேசுவாங்க. வண்டியை எடு."

•

பயமோன் போகும் வழியெல்லாம் புரோவி பின்சீட்டில் சட்டையை மடியில் வைத்து, கசங்காமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"தோனா புரோவி, அதைப் பக்கத்துல வெச்சுக்கலாமே," என்றான் விசோ. "சீட்டுக்கு நான் டிக்கெட் கேக்க மாட்டேன்."

"உன் கார் சீட்டை விட என் மடி சுத்தம்டா."

"அண்ணி, கேட்டீங்களா? கட்சிக்காரங்களே இப்படிப் பேசினா நான் எப்படி உருப்படுவேன்?"

நெரெய்தா சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். புரோவியின் விரல்கள் சட்டையின் விளிம்பை விடவே இல்லை. வாய்தான் தைரியமாக இருந்தது.

கல்லறைக்குள் மயில்கொன்றை மரங்கள் சிவப்பாகக் கொட்டியிருந்தன. புல்வெளி முழுக்க வரிசை வரிசையாகக் கற்கள். ஒரு கல்லின் மேல் பெரிய பச்சை ஓணான் போன்ற இகுவானா ஒன்று படுத்து வெயில் காய்ந்தது.

"ஜெனரல் யாரோ உயிரோட வந்துட்டாரு," என்றபடி விசோ நெரெய்தாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

புரோவி காரிலிருந்து இறங்கிக் கையை நீட்டினாள். "அந்த மூணாவது வரிசையில, மரத்துக்குப் பக்கத்துல இருக்கு அர்காதியோ கல்லு. நீங்க போய்ப் பாருங்க. நான் என் சிநேகிதி கார்மினுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு வந்துடுறேன். வந்துட்டுப் பார்க்காமப் போனா கோவிச்சுக்குவா." கைப்பையைத் துழாவினாள். "விசோ, பத்து சென்ட் இருக்கா?"

விசோ சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்து சென்ட் காசை எடுத்து நீட்டினான்.

"இது வேணாம்பா. ஒரே காசாக் கொடு. பத்து."

"ரெண்டு அஞ்சு பத்து இல்லையா? எங்க டீச்சர் என்னை ஏமாத்திட்டாங்களா?"

"உங்க டீச்சர் பாவம். ஒரே காசா இருந்தா கொடு, இல்லாட்டி விடு."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நெரெய்தா காரின் சாம்பல் கிண்ணத்தைக் கிளறி ஒரு பத்து சென்ட்டை எடுத்துக் கொடுத்து, விசோவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அர்காதியோவின் கல்லில் பெயர், கொரியா, இறந்த ஆண்டு. அவ்வளவுதான். கல்லின் விளிம்பில் கறுத்துப்போன இருபத்தைந்து சென்ட் காசு ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. நடுவில், பளபளவென்று ஒரு பத்து சென்ட்.

"இங்கேயும் காசு," என்றாள் நெரெய்தா. "இது என்ன பழக்கம்?"

மூன்று மாதம் ரிசர்வ் படையில் இருந்து, தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்டவன் விசோ. அந்த மூன்று மாதத்தைப் பற்றி முப்பது வருடக் கதை சொல்வான். "ராணுவத்துக்காரன் ராணுவத்துக்காரனுக்கு வெக்கிறது அண்ணி. சும்மா வந்துட்டுப் போறவன் ஒரு சென்ட் வெப்பான். கூடப் பயிற்சி எடுத்தவன் அஞ்சு. கூட வேலை பார்த்தவன் பத்து. செத்தப்போ பக்கத்துலயே இருந்தவன் இருபத்தஞ்சு. எடுத்து ஐஸ்கிரீம் சாப்பிட்டா பாவம். நான் விசாரிச்சுட்டேன்."

நெரெய்தா மண்டியிட்டாள். "அப்போ கறுத்துப்போன இருபத்தஞ்சு நம்ம தேயோ வெச்சது. போன வருஷம், படுக்கையில விழுறதுக்கு முன்னாடி. செத்தப்போ பக்கத்துல இருந்திருக்கார்."

"பத்து?"

"அதான் விஷயம். கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் உயிரோட இருக்கான். நேத்து ராத்திரி பேய் மழை. ஆனா இந்தக் காசு நனைஞ்சு மண் ஒட்டல. இன்னைக்குக் காலையில வெச்சது. விசோ, எறும்பைப் பாரு."

பத்து சென்ட்டைச் சுற்றிச் சின்ன எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த இருபத்தைந்தை ஒரு எறும்பும் சீண்டவில்லை.

"எறும்புக்குக் கணக்குத் தெரியல. பெரிய காசை விட்டுட்டு..."

"காசு தித்திக்குது. தொட்டுப் பாரு, பிசுபிசுங்குது. நக்கிப் பாரு."

"நானா?"

"உனக்குச் சம்பளம் எதுக்கு?"

"அதைத்தான் நானும் மாசா மாசம் கேக்குறேன்." விசோ எறும்பை ஊதிவிட்டு, கண்ணை மூடி நுனி நாக்கால் தொட்டான். முகம் அஷ்டகோணலாகியது. பிறகு கண் திறந்தது. "புளி! சர்க்கரை போட்ட புளி!"

"பிராகுவா," என்றாள் நெரெய்தா. சீவிய ஐஸைக் கூம்புத் தாளில் குவித்து மேலே சாறு ஊற்றித் தரும் தள்ளுவண்டிக்காரர்கள் அந்தத் தீவில் ஊருக்கு நாலு பேர் உண்டு. "நாள் பூரா சாறு ஊத்துற கை. அந்தக் கையில எடுத்த காசு. கடையில வாங்குற பாட்டில் சாறா இருந்தா சிவப்பு இல்ல பச்சையாக் கறை இருக்கும். இது பழுப்பு, நாரும் ஒட்டியிருக்கு. வீட்டுல புளியைக் கரைச்சுக் காய்ச்சின சாறு. அப்படிக் காய்ச்சுற வயசான வண்டிக்காரர் யாரு? உன் வயித்தைக் கேளு, அதுக்குத் தெரியும்."

விசோவின் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. "ஃபெர்ரித் துறை. தோன் ஈலாரியோ! அண்ணி, நம்ம ஊர்லயே, தோனா புரோவி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி!"

தூரத்தில் புரோவி ஒரு கல்லின் முன் குனிந்து எதையோ வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நெரெய்தா கையசைத்து அவளை அவசரப்படுத்தினாள்.

•

ஃபெர்ரித் துறையில் கடல் காற்று உப்பாக அடித்தது. எதிர்க்கரையில் சான் ஹுவான் வெயிலில் மங்கித் தெரிந்தது. ஈலாரியோ வண்டி மேலிருந்த பெரிய ஐஸ் பாளத்தை இரும்புச் சீவுளியால் சரக் சரக்கென்று சீவிக்கொண்டிருந்தார். ஒல்லியான கிழவர். தலையில் வைக்கோல் தொப்பி.

"ஒரு புளி," என்றான் விசோ. கடமையிலும் ருசி பார்ப்பவன்.

"தோன் ஈலாரியோ," என்றாள் நெரெய்தா, "இன்னைக்குக் காலையில அர்காதியோவுக்குப் பத்து சென்ட் வெச்சீங்களே, அதுக்கு எறும்புங்க நன்றி சொல்லச் சொல்லிச்சு."

சீவுளி நின்றது. "யாரும்மா நீ? கல்லறையில காசுக்கு வரி போட்டுட்டாங்களா?"

"தேயோவுக்காக வந்திருக்கேன்."

கிழவர் முகம் மாறியது. நெரெய்தாவின் தோளுக்குப் பின்னால், காரில் சட்டையோடு உட்கார்ந்திருந்த புரோவியைப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார். "போயிட்டானா?"

நெரெய்தா எல்லாவற்றையும் சொன்னாள். தீ, முனிசிபல் வண்டி, சாயந்திரம் மூடப்போகும் அலுவலகம். "நீங்க ஒரே கம்பெனியில இருந்தீங்கன்னு ஒரு சத்தியம், போன்ல ரெண்டு வார்த்தை. அது போதும்."

"ஒரே கம்பெனிதான். ஒரே கூடாரம்." ஈலாரியோ ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "ஆனா நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா அவனுக்குக் கிடைக்கிற இடமும் கிடைக்காது. அதனால."

விசோவின் வாய்க்குப் போன பிராகுவா பாதி வழியில் நின்றது.

"அர்காதியோவுக்கு வயித்துல குண்டு பட்டுச்சு. லெப்டினன்ட் அவனை அப்படியே போட்டுட்டு மலையை விட்டு இறங்குங்கன்னான். தேயோ மாட்டேன்னான். லெப்டினன்ட் துப்பாக்கியை எடுத்தான். தேயோ அவன் முகத்துல ஒரு குத்து விட்டுட்டு அர்காதியோவைத் தோள்ல தூக்கிட்டு வந்தான். கீழ வந்து சேரும்போது தோள்ல இருந்தது பொணம். கோர்ட் மார்ஷல் போட்டாங்க. ஜெயில். அப்புறம் அவமரியாதையா வெளியே அனுப்பினாங்க. அந்த மாதிரி வெளிய போனவனுக்குத் தேசியக் கல்லறையில இடம் கிடையாதும்மா. அந்த பேப்பர் புயல்ல போகல. ஊருக்குத் திரும்பின அன்னைக்கு, இதோ இந்தத் துறையில நின்னு அவனே கிழிச்சுக் கடல்ல போட்டான். நான் பக்கத்துல இருந்தேன்."

"ஃபைல்தான் எரிஞ்சு போச்சே," என்றான் விசோ அவசரமாக. "ஒரே கம்பெனின்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை மறந்துடுங்க. எனக்கு எங்க அண்ணன் கல்யாண நாளே மறந்து போச்சு."

"கோர்ட் மார்ஷல் காகிதம் வேற இடத்துல இருக்கும் தம்பி. கம்பெனி பேரைச் சொன்னதும் அந்தக் கதவைத்தான் முதல்ல தட்டுவாங்க. எப்படி வெளிய வந்தான்னு என்னையும் கேப்பாங்க. சத்தியம் பண்ணிட்டு நான் பொய் சொல்லணுமா?"

நாள் முழுக்க அவள் தேடி ஓடிய சாட்சி, தேயோவைக் கல்லறை வாசலிலேயே நிறுத்தும் சாட்சி.

பின்னால் கார்க் கதவு திறக்கும் சத்தம். புரோவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஜெயிலா?" என்றாள். "மெக்ஸிகோவுல வேலை பார்த்தேன்னாரே, அந்த ஒரு வருஷம்..."

ஈலாரியோ தலையசைத்தார்.

"மடையன்," என்றாள் புரோவி. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. "என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? சிநேகிதனைத் தூக்கிட்டு வந்ததுக்கா வெக்கப்பட்டான்? ஆயுசு பூரா?" கையிலிருந்த சட்டையை இப்போது மார்போடு அணைத்துக்கொண்டாள். கசங்கியது. "நீ விடு மகளே. முனிசிபல் வண்டியே வரட்டும். பொதுக்குழியில போட்டா போடட்டும். எனக்கும் அங்கேயே ஒரு எடம் கேளு. எலும்போட எலும்பா எப்படியாவது தேடிக்கறேன்."

ஈலாரியோ என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிராகுவாவைச் செய்து அவள் கையில் திணித்தார். துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை. புரோவி அதைச் சாப்பிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அது உருகி மணிக்கட்டு வழியாக ஒழுகியது.

"நாப்கின், தோனா," என்று விசோ நீட்டினான். ஈலாரியோவிடம் காசைக் கொடுக்கப் பையைத் துழாவி, புரோவி வேண்டாமென்ற அதே இரண்டு ஐந்து சென்ட்டுகளையும் சேர்த்து எடுத்தான். "இதுங்களை யாருமே வாங்க மாட்டேங்குறாங்க."

நெரெய்தா அந்தக் காசுகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்:

"தோனா புரோவி, கார்மினுக்கு ஏன் ரெண்டு அஞ்சு வெக்கக் கூடாது?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"ஏன் ஒரே பத்து?"

"கார்மினுக்குப் பத்துதானே வெக்கணும்? அஞ்சு வெச்சா சும்மா கூடப் பயிற்சி எடுத்தவன்னு ஆயிடாதா? நாங்க ஒண்ணாவே வேலை பார்த்தோமே."

"எங்க வேலை பார்த்தீங்க?"

"வர்ஜீனியாவுல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல."

"யாரோட டெலிபோன் எக்ஸ்சேஞ்சு?"

புரோவி அவளை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ராணுவத்தோடதுதான். பெண்கள் படையில. எங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் வந்ததால எடுத்துக்கிட்டாங்க."

விசோவின் கையிலிருந்த பிராகுவா நழுவி அவன் செருப்பின் மேல் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. "ஆய் பெந்தித்தோ! நீங்களா? யூனிஃபார்ம் எல்லாம் போட்டுக்கிட்டா?"

"பின்ன? பாவாடையோடயா சல்யூட் அடிப்பாங்க? இல்ல, பாவாடைதான். யூனிஃபார்ம் பாவாடை."

"இதை ஏன் நீங்க சொல்லவே இல்ல?" நெரெய்தா கிட்டத்தட்டக் கத்தினாள்.

"யாரு கேட்டீங்க? அந்தப் பொண்ணும் 'உங்க வீட்டுக்காரர் ராணுவமா'ன்னுதான் கேட்டா. நீயும் வந்ததுல இருந்து அவரைப் பத்தித்தான் கேட்டே. ஃபியூனரல் ஹோம்லயும் அவரைத்தான் கேட்டாங்க. நான் சண்டையா போட்டேன்? பிளக்கை எடுத்து ஓட்டையில மாட்டினேன். இவங்க குண்டு பட்ட கதை பேசுறப்ப நான் போய் பிளக் கதையைச் சொல்ல முடியுமா?"

நெரெய்தா ஒரு கணம் கண்ணை மூடினாள். புதிதாக வரும் ஒவ்வொரு கட்சிக்காரனும் அலுவலகத்தில் அவளைப் பார்த்து, "துப்பறிவாளர் எப்போ வருவார்?" என்று கேட்பான். அதே கேள்வியைத்தான் இன்று நாள் முழுக்க அவளும் கேட்டிருக்கிறாள்.

"எப்படி வெளிய வந்தீங்க? நல்லபடியாவா?"

"நல்லபடியாத்தான். கல்யாணம் ஆகப் போகுதுன்னு எழுதிக் கொடுத்தேன், வாழ்த்திதான் அனுப்பினாங்க. அந்த பேப்பர் எங்க கல்யாணப் பத்திரத்தோட பிஸ்கட் டின்ல இருக்கு. என் ஜாமானை நான் எதுக்குக் கடல்ல போடணும்?"

"விசோ!"

"ஓடிட்டேன் அண்ணி!" தொப்பை குலுங்க, ஒரு காலில் புளிச் சாறோடு, அவன் ஏற்கெனவே புரோவியின் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு பாதித் தெரு போயிருந்தான். அங்கிருந்தே கத்தினான்: "பார்மசியில ஃபேக்ஸ் இருக்கு!"

நெரெய்தா செல்போனில் கல்லறை அலுவலகத்தை அழைத்து, தேயோவின் பெயரைச் சொன்னாள். காத்திருக்கும் இசை. ஒரு ஃபெர்ரி ஊதிவிட்டுக் கிளம்பியது. இசை தொடர்ந்தது. ஈலாரியோ தன்னையறியாமல் ஐஸைச் சீவிக்கொண்டே இருந்தார், வாங்குவதற்கு ஆள் இல்லாமலே.

"சொல்லுங்க," என்றது பெண் குரல். "தேயோ ஐயா விஷயம்தானே? அவரோட சர்வீஸுக்கு ஆதாரம் கிடைச்சுதா?"

"வேற ஆதாரம் கிடைச்சிருக்கு. ஒரு கேள்வி. ராணுவத்துல இருந்து நல்லபடியா வெளிய வந்தவங்க உயிரோட இருக்காங்க. அவங்க துணை முன்னாடியே இறந்துட்டா, துணையை அங்க அடக்கம் பண்ணலாமா?"

"பண்ணலாமே. பின்னால அவங்களுக்கும் அதே இடம்தான். ஆனா நீங்க சொன்ன கேஸ்ல எக்ஸ்-சர்வீஸ்மேன் இறந்தவர்தானே?"

"இல்லை. என் பக்கத்துல நிக்கிறாங்க. கையில ஐஸ் ஒழுகிட்டு இருக்கு."

மறுமுனையிலிருந்து "ஐயோ," என்று சின்னதாக ஒரு ஓசை. "நான் அவங்களைக் கேக்கவே இல்லையே."

"யாருமே கேக்கல. இன்னொண்ணு, நான் மறைக்க விரும்பல." நெரெய்தா புரோவியைப் பார்த்தாள். புரோவி தலையசைத்தாள். "இறந்தவருக்கும் சர்வீஸ் உண்டு. கோர்ட் மார்ஷல் ஆகி வெளிய வந்தவர். மேலதிகாரியை அடிச்சதுக்கு. அது தடையா?"

விசைப்பலகை தட்டும் சத்தம். யாரிடமோ மெல்லக் கேட்கும் சத்தம். புரோவியின் கை நெரெய்தாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. பிசுபிசுவென்று, ஐஸ் போலக் குளிர்ந்த கை.

"அம்மா, அவரை நீங்க எப்படிக் கொண்டு வர்றீங்க? ராணுவ வீரராவா, கணவராவா?"

"கணவரா."

"அப்போ அவர் எப்படி வெளிய வந்தார்ங்குறது இதுல வராது. அவங்க டிஸ்சார்ஜ் பேப்பரும் கல்யாணப் பத்திரமும் வரட்டும்... இருங்க, ஃபேக்ஸ் வந்துட்டிருக்கு. ஏதோ கறை பட்டிருக்கே?"

"புளி," என்றாள் நெரெய்தா. "எங்க ஆள்தான் அனுப்புறார்."

நீண்ட நேரம் காகிதம் புரளும் ஓசை. ஈலாரியோ சீவுவதை நிறுத்திவிட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. நாளைக்குக் காலையில இடம் போட்டுட்டேன். ஃபியூனரல் ஹோமுக்கு நானே சொல்லிடுறேன்."

புரோவி வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தாள். முதலில் அவள் மயங்கி விழுகிறாளென்றே நெரெய்தா நினைத்தாள். அழத்தான் செய்தாள். ஈலாரியோ வண்டிக்குள்ளிருந்து தன் முக்காலியை எடுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றது போன். "கல்லுல அவர் பேருக்குக் கீழ, யாருடைய துணைன்னு பொறிப்போம். இந்த மாதிரி கேஸ்ல 'புரோவிதென்சியாவின் கணவர், ராணுவம்'னு வரும். சில குடும்பத்துல ஆம்பளைங்க கல்லுல அப்படி எழுதினா சங்கடப்படுவாங்க. அந்த வரி வேணாம்னா விட்டுடலாம். கேட்டுச் சொல்றீங்களா?"

நெரெய்தா கேட்டாள். அதற்குள் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்த விசோ, "தோன் தேயோ பாவம், டோமினோ ஆடுற கூட்டாளிங்க பார்த்தா ஒரு வழி பண்ணிடுவாங்க," என்றான்.

புரோவி மூக்கை உறிஞ்சினாள். கசங்கிய சட்டையை முழங்கால் மேல் விரித்து உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நிமிர்வைப் பார்த்த ஈலாரியோவின் குதிகால்கள் பழைய ராணுவ விறைப்பில் தாமாகவே ஒன்று சேர்ந்தன.

"வரி இருக்கட்டும்னு சொல்லு மகளே. ஆனா சும்மா 'புரோவிதென்சியா'ன்னு போட்டுடப் போறாங்க." அவள் விரலால் போனைச் சுட்டினாள். "கார்ப்பரல்னு போடச் சொல்லு. கார்ப்பரல் புரோவிதென்சியாவோட வீட்டுக்காரர்."